ஃப்ரிட்ஜ் கதவுத் தாய்

தாய்மார்களில் பல ரகம் உண்டு. பெற்ற தாய், வளர்த்த தாய், வாய்த்த மாமியார் என்று எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வருகிறவள் ஃப்ரிட்ஜ் கதவுத் தாய். இவளுடைய பிள்ளை ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். இவள் பாலெடுக்கக் கதவைத் திறந்தால் பிள்ளையும் கூடவே போகும், சாத்தினால் கூடவே வரும். பீட்சாக் கடைக்காரன் இனாமாகக் கொடுத்த காந்தத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் பிள்ளையை இவள் பெறவுமில்லை, தூக்கவுமில்லை, ஒரு தடவை மூக்குச் சிந்திவிட்டதுமில்லை. மாதம் பிறந்தால் வங்கி தானாகவே தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பிவிடும். அந்த உரிமையில் இவள், "எங்களுக்கு மூணு பிள்ளைங்க. ரெண்டு வீட்டுல, ஒண்ணு பொலிவியாவுல" என்பாள். கேட்கிறவர் "ஓ!" என்று நெஞ்சில் கை வைக்கவேண்டும். வைக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வாள்.

ஒஹாயோவில் இவளைத் தேடி அலையவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பிக் குடுவைக்கும் டோனட் தட்டுக்கும் நடுவில் நிற்கும் பெண்களை எண்ணுங்கள். மூன்றில் ஒருத்தி இவள்தான்.

பிள்ளையை எப்படித் தேர்ந்தெடுக்கிறாள் தெரியுமா? வருஷத்துக்கு ஒருமுறை சபை வாசலில் ஒரு மேசை போட்டு, உலகத்து ஏழைப் பிள்ளைகளின் படங்களையெல்லாம் அதன்மேல் பரப்பி வைப்பார்கள். நம் ரகம் அங்கே போய்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும். கண் பெரிதாக இருக்கவேண்டும். தலை கலைந்திருக்கவேண்டும். முக்கியமாக, சிரிக்கக்கூடாது. சிரிக்கிற பிள்ளைக்கு என்ன குறை வந்துவிட்டது?

எடுத்துக்காட்டுக்கு ஒருத்தி வேண்டுமே. ப்ளம் க்ரீக் சபையின் டோரீன் ஸ்டட்ஸ்மனை எடுத்துக்கொள்வோம். நல்ல பொம்பளை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது. புருஷன் வெர்லின், பக்கத்து மாவட்டத்துக் கதவுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷ வேலை. மகள் கெய்லினுக்குப் பதினைந்து, மகன் பிரேடிக்குப் பத்து. ஃப்ரிட்ஜ் கதவில் இருப்பது யோவானா மமானி, பொலிவியாவின் மலைக்காட்டுக் கிராமத்துப் பெண், அவளுக்கும் பத்து. நாலு வருஷத்துக்கு முன்னால் மேசையிலிருந்து பொறுக்கியது. படத்தில் அவள் மண் சுவரோரமாக நின்று, யாரோ திட்டியதுபோல முறைத்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் படத்துக்கு வீட்டில் இருந்த உபயோகம் கொஞ்சநஞ்சமல்ல. பிரேடி தட்டைத் தள்ளினால் போதும்.

"யோவானாவுக்கு இந்த ப்ராக்கோலி கிடைச்சா எப்படி இருக்கும்னு கொஞ்சம் நினைச்சுப் பாருடா."

"அவளுக்கு ப்ராக்கோலி பிடிக்காதும்மா. போன லெட்டர்லயே எழுதியிருந்தா," என்பாள் கெய்லின்.

"அவ ஏதோ பணிவுக்கு எழுதியிருப்பா. நீ உன் வேலையைப் பாரு."

ஷூ வேண்டும் என்றால் யோவானா, செல்போன் வேண்டும் என்றால் யோவானா, சபைக்கு வர மாட்டேன் என்றால் மலையில் ரெண்டு மணி நேரம் நடந்து சபைக்குப் போகும் யோவானா. அந்தப் பெண்ணை நேரில் பார்த்தால் ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும் என்று பிரேடி ரகசியமாகத் தீர்மானித்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நிறுவனம் புதுப் படம் அனுப்பும். போன வருஷம் வந்ததில் யோவானா சிவப்புக் கோட்டும் பளபளக்கும் ஷூவும் போட்டுக்கொண்டு, ஒரு சைக்கிளைப் பிடித்தபடி, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். படம் பிடிக்கிற அன்றைக்கு இருப்பதில் நல்லதைப் போடுவதுதானே உலக வழக்கம்? டோரீன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "ம்ம்..." என்றாள்.

"புதுப் படத்தை மாட்டலையாம்மா?" என்றாள் கெய்லின்.

"பழசே இருக்கட்டும். அதுதான் மனசைத் தொடுது," என்று சொல்லிவிட்டு, சிவப்புக் கோட்டைக் கரண்டி டிராயருக்குள் போட்டுவிட்டாள்.

இந்த ரகத்தின் இன்னொரு லட்சணம்: இவளுக்கு வம்பு பேசவே தெரியாது. ஜெப விண்ணப்பம் வைக்கத்தான் தெரியும். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில், "லூவெல்லா மகனுக்காக எல்லாரும் பாரமா ஜெபிக்கணும். என்ன விஷயம்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்று ஆரம்பித்து, யாரும் கேட்காமலேயே அரை மணியில் அந்தப் பையன் எந்த ஊரில், எந்தப் பெண்ணோடு, எந்தக் காரில் பிடிபட்டான் என்பதுவரை கர்த்தரின் சமுகத்தில் வைத்துவிடுவாள். இதில் டோரீன் கைகாரி. அவளுக்கும் மேலே ஒருத்தி இருந்தாள், மார்லிஸ் பீச்சி. கண்டத்துக்கு ஒன்று என்று நாலு பிள்ளை தாங்குகிறவள். ஒருத்தி நாலு வைத்திருக்கும்போது ஒன்று வைத்திருப்பவளுக்கு மனசு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இப்படி இருக்கையில் செப்டம்பர் மாதம் வெர்லினுக்கு வேலை போயிற்று. தொழிற்சாலையில் ஒரு பகுதியையே மூடிவிட்டார்கள். ப்ளம் க்ரீக்கிலிருந்து அங்கே போகிறவன் அவன் ஒருத்தன்தான், ஆகையால் விஷயம் ஊருக்குள் வரவில்லை. டோரீன் அது வரவே கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

"சொன்னா என்ன டோரீன்? யாராவது எங்கயாவது வேலை இருந்தா சொல்லுவாங்கல்ல?"

"நான் செத்தாலும் சரி. மார்லிஸ் வாயில என் பேரு ஜெப விண்ணப்பமா வரக்கூடாது."

பாவம், அந்த மனுஷன் தினமும் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்து, பத்து மணிக்கு சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுச் சாயங்காலம் வரை வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகப்போக வாத்துகள் அவன் வண்டிச் சத்தம் கேட்டுக் கரைக்கு வர ஆரம்பித்துவிட்டன. ஒருநாள் அவன் மெதுவாக, "பொலிவியாப் பணத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போமா?" என்று கேட்டான்.

"பெத்த பிள்ளையை நிறுத்தி வைக்கச் சொல்லுவியா நீ?" என்றாள் டோரீன். பெற்றது யார் என்று அவன் கேட்கவில்லை. அவள் குரல் நடுங்கிற்று. வேஷம் எங்கே முடிகிறது, பாசம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் பாசம் இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

அக்டோபரில் குடும்பப் படம் எடுத்தார்கள். முன்பணம் எப்போதோ கட்டியாகிவிட்டது, விட மனசில்லை. அந்தப் பக்கத்தில் குடும்பப் படம் எப்படி எடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நன்றாக இருக்கிற வீட்டை விட்டுவிட்டு, கூரை பாதி விழுந்த ஒரு பழைய தானியக் கொட்டகை முன்னால் போய் நிற்பார்கள். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ்தான் போடவேண்டும். கிழியாததைவிட அதற்கு விலை அதிகம். செருப்பு, ஷூ எல்லாம் காருக்குள். வெறுங்கால்தான் அழகாம். அறுத்த சோளக்கட்டை காலில் குத்த, படம் எடுக்கிற பெண், "யாரும் சிரிக்காதீங்க, அப்படியே தூரத்துல பாருங்க, இன்னும் கொஞ்சம் ஏக்கமா..." என்றாள். வெர்லினுக்கு ஏக்கம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படம் அபாரமாக வந்தது. சபையில் எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, யோவானாவுக்கு அனுப்பவும் டோரீன் ஒன்றை எடுத்து வைத்தாள்.

நிறுவனத்தின் கடிதத் தாளில் அடியில் ஒரு கட்டம் உண்டு. "உங்கள் பிள்ளை உங்களுக்காக எதற்காக ஜெபிக்கட்டும்?" நாலு வருஷமாக டோரீன் அதில், "எனக்கு இன்னும் பொறுமை வேண்டும் என்று" எழுதிவந்தாள். பொறுமை கேட்பதில் ஒரு சௌகரியம், அதில் யாருக்கும் எதுவும் தெரியாது. அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு மளமளவென்று எழுதினாள். "வெர்லினுக்கு வேலை போய்விட்டது. இங்கே யாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது." எழுதி முடித்துச் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். நெஞ்சு லேசாயிற்று. எந்தப் பொலிவியாக்காரி வந்து மார்லிஸிடம் சொல்லப்போகிறாள்? கடிதத்தையும் படத்தையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

பிப்ரவரியில் பிள்ளைகள் ஞாயிறு வந்தது. மேசை போடுகிற அன்றைக்கு ஒருத்தி மேடையேறித் தன் பிள்ளையின் கடிதத்தை வாசித்துச் சாட்சி சொல்லவேண்டும். போன வருஷம் மார்லிஸ் நாலு கடிதம் வாசித்து, நாலிலும் ஒரே இடத்தில் அழுதாள். இந்த வருஷம் போதகர் ட்வைட் டோரீனைக் கேட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இந்தத் தடவை லெட்டரை வீட்டுல பிரிக்கவே போறதில்ல பாஸ்டர். முதற்பலன் கர்த்தருக்கு. சபையிலதான் பிரிப்பேன். அப்புறம் ஒரு விஷயம், அந்தப் பெரிய திரையில தெரியற மாதிரி பண்ணுங்க. போன தடவை பின்னாடி இருந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

ஞாயிறு காலை. வெளியே முழங்கால் பனி. உள்ளே முந்நூறு பேர். மூன்றாம் வரிசையில் வெர்லினும் பிள்ளைகளும், முதல் வரிசையில் கைக்குட்டையோடு மார்லிஸ். டோரீன் மேடையேறி, எல்லாரும் பார்க்க உறையைக் கிழித்து, மொழிபெயர்ப்புத் தாளைக் கேமராவுக்கு அடியில் வைத்தாள். திரையில் யோவானாவின் கடிதம் ஆளுயர எழுத்தில் வந்து நின்றது. டோரீன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வாசித்தாள்.

"அன்புள்ள ஞானத்தாய் டோரீனுக்கு, இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். நான் சுகம். என் நாய் சுகம். உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது."

"ஸ்தோத்திரம்!" என்றது ஒரு பெஞ்சு.

"நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. பார்த்து நாங்கள் எல்லாரும் அழுதோம்."

டோரீன் நெஞ்சில் கை வைத்தாள். சபை "ஓ!" என்றது. மார்லிஸ் "ஓ" சொல்லவில்லை.

"உங்களுக்குச் செருப்பு இல்லை என்று நீங்கள் ஒருமுறைகூட எழுதவில்லை."

எங்கோ ஒருவர் களுக்கென்றார்.

"கெய்லின் அக்காவின் துணி முழங்காலில் கிழிந்திருக்கிறது. அளவு அனுப்பினால் என் அம்மா தைத்துத் தருவார். உங்கள் வீட்டுக் கூரை விழுந்துவிட்டது. என் அப்பா கூரை வேலைக்காரர். அவர் வந்து சரி செய்கிறேன் என்றார். மிகவும் தூரம் என்று எங்கள் போதகர் சொல்லிவிட்டார்."

அவ்வளவுதான், சபை வெடித்தது. போதகர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மார்லிஸ்கூடச் சிரித்துவிட்டாள். டோரீனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். இதைவிட ஒரு சாட்சி உண்டா? வருஷம் முழுக்க இதையே பேசுவார்களே! கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் பார்த்தாள்.

வாய் சிரித்தபடியே இருந்தது. முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

"அப்புறம்... அப்புறம் நாயைப் பத்தி என்னமோ எழுதியிருக்கா," என்று சொல்லித் தாளை இழுக்கப் பார்த்தாள். இழுத்து என்ன பிரயோஜனம்? தான் கேட்டு வாங்கிய திரை தன் தலைக்கு மேல் நிற்கிறது. முந்நூறு பேருக்கும் கண் இருக்கிறது. முதலில் வேகமாக வாசிக்கிறவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள், பிறகு நிதானமாக வாசிக்கிறவர்கள், கடைசியில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள்.

"ஞானத்தகப்பன் வெர்லினுக்கு வேலை போய்விட்டது என்றும் அங்கே யாருக்கும் தெரியாது என்றும் எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் மட்டும் சொன்னோம்."

டோரீனுக்குச் செத்துவிட மாட்டோமா என்றிருந்தது. கெய்லின் அப்பாவைப் பார்த்தாள். பிரேடி திரையைப் பார்த்தான். வெர்லின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தான். பொது இடத்தில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"நிஜந்தான்," என்றான். "செப்டம்பர்லயே போயிடுச்சு. நான் ஏரிக்கரையில உக்காந்திருக்கேன்." கொஞ்சம் யோசித்தான். பிறகு பனி ஒட்டிய பூட்ஸ் காலை எல்லாருக்கும் தெரியும்படி பெஞ்சுக்கு மேலே தூக்கிக் காட்டினான். "செருப்பு மட்டும் இருக்குது."

யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மறைக்க இனி ஒன்றும் இல்லாததால் டோரீன் மீதியை வாசித்தாள். மேடைக்கென்று அவள் வைத்திருந்த குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"புதன்கிழமைதோறும் நூற்றிருபது பேர் உங்களுக்காக உபவாசம் இருக்கிறோம். உங்கள் படம் எங்கள் சபைச் சுவரில் இருக்கிறது. இந்த வருஷம் என் பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்ப வேண்டாம். அதில் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பிரேடிக்கு. பணம் அனுப்ப முடியாமல் போனாலும் வெட்கப்படாதீர்கள். கடிதம் மட்டும் எழுதுங்கள். அன்புள்ள மகள், யோவானா."

பிரேடி தன் ஷூவைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டான். அந்தப் பெண்ணைத் தள்ளிவிடும் எண்ணம் அன்றோடு அவனை விட்டுப் போயிற்று.

ஒஹாயோவில் ஒரு வீட்டுக்குத் துன்பம் வந்தால் பின்னாலேயே என்ன வரும்? கேசரோல் வரும். நூடுல்ஸும் சீஸும் டப்பாச் சூப்பும் கலந்து கண்ணாடித் தட்டில் வேகவைத்த அந்த வஸ்து, செவ்வாய்க்கிழமைக்குள் பதினோரு தட்டு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதியிருக்கும். தருமம் நமக்கு, தட்டு அவர்களுக்கு. இருப்பதிலேயே பெரிய தட்டு மார்லிஸுடையது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே கண்ணு! நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் வைத்தாள், ஏரி, வாத்து, சாண்ட்விச் ஒன்றையும் விடாமல். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அடுத்த வாரமே வெர்லினுக்கு மரக்கடையில் வேலை கிடைத்தது, சொல்லி வைத்தது மார்லிஸின் புருஷன். வெர்லின் செப்டம்பரில் சொன்னது பிப்ரவரியில் பலித்தது. இந்த உலகத்தில் யாரையும் முழுசாகத் திட்ட முடிவதில்லை.

வெர்லின் வேலைக்குப் போக ஆரம்பித்த வாரத்தில் டோரீன் தட்டைத் திருப்பிக் கொடுக்க மார்லிஸ் வீட்டுக்குப் போனாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மார்லிஸின் கடைக்குட்டி பட்டாணியைத் தள்ளிவைத்து அழுதுகொண்டிருந்தான்.

"அந்த ஸ்டட்ஸ்மன் பசங்களுக்கு இந்தப் பட்டாணி கிடைச்சா எப்படி இருக்கும்னு கொஞ்சம் நினைச்சுப் பாருடா."

"அவங்க வீட்டுல நிறைய சாப்பாடு இருக்கும்மா. நாமதானே குடுத்தோம்."

"நீ உன் வேலையைப் பாரு."

டோரீன் நிமிர்ந்து பார்த்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் நாலு கண்டத்துப் பிள்ளைகளுக்கும் நடுவில், பீட்சாக் கடைக் காந்தத்தின் கீழ், இடிந்த கொட்டகைக்கு முன்னால், கிழிந்த ஜீன்ஸும் வெறுங்காலுமாக ஸ்டட்ஸ்மன் குடும்பம் தூரத்தில் எதையோ ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, வா கண்ணு, வா! பாத்தியா? தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறோம்," என்றாள் மார்லிஸ்.

"மார்லிஸ், எங்களோட வேற படம் ஒண்ணு இருக்கு. கிறிஸ்துமஸ்ல எடுத்தது. எல்லாரும் நல்லா சிரிச்சிட்டிருப்போம். அதைத் தரட்டுமா?"

மார்லிஸ் தலையைச் சாய்த்து ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். "ம்ம்..." என்றாள். "இதுவே இருக்கட்டும் கண்ணு. இதுதான் மனசைத் தொடுது."

டோரீன் வீட்டுக்கு வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கரண்டி டிராயரைத் திறந்து சிவப்புக் கோட்டையும் சைக்கிளையும் ஓட்டைப் பல்லையும் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தாள். முறைக்கிற யோவானா டிராயருக்குள் போனாள். பிறகு உட்கார்ந்து, வேலை கிடைத்துவிட்டது, கூரை நன்றாக இருக்கிறது, எல்லாரிடமும் ஷூ இருக்கிறது, உபவாசத்தை நிறுத்திவிடுங்கள் என்று பொலிவியாவுக்கு எழுதினாள். அங்கே அந்தக் கடிதத்தைச் சபையில் வாசித்தார்களாம். மானமுள்ள ஏழைகள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அந்தப் போதகர் சொல்லிவிட்டாராம். உபவாசம் இன்னும் நடக்கிறது.

நீங்கள் அந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் கேஸ் சிலிண்டர் நம்பரும் பிள்ளையின் டைம்டேபிளும்தான் இருக்கும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் போனால் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். கேக்கை ஒரு குழந்தையின் வாயருகே பிடித்துக்கொண்டு, "முழுங்கிடாத, இங்க பாரு, ஃபோட்டோ எடுக்கிறாங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படித்தானே? சந்தோஷம். இருந்தாலும் நீங்கள் யாருக்கோ இரக்கப்பட்டுக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில், உங்கள் படத்தைச் சுவரில் மாட்டிவைத்து எந்த ஊரில் யார் உங்களுக்காகப் பட்டினி கிடக்கிறார்களோ, யார் கண்டது? எதற்கும், அடுத்த தடவை குடும்பத்தோடு படம் எடுக்க நிற்கும்போது காலில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.